மூன்று போராட்டம், நான்கு தலைமுறை: மொழிப்போரை நாவலாக எழுத வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் முடிந்து, மொழிப்போர் தியாகிகள் நாளான சனவரி 25 நெருங்கும்போது எனக்குச் சில கடிதங்கள் வரும். எழுதுபவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். 'பாட்டி 1938இல் இந்தியை எதிர்த்து மறியல் செய்கிறாள், அப்பா 1965இல் கல்லூரி மாணவர், மகன் 2017இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்காருகிறான். நாவலாக எழுதலாமா?' என்று கேட்பார்கள். அதே காலத்தை வைத்து ஏழு வருடமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவன் நான். இன்னும் முடித்தபாடில்லை. எங்கெங்கே இடறி விழலாம் என்று மட்டும் நன்றாகத் தெரியும். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள்.

முதலில், 1938இல் என்ன நடந்தது, 1965இல் என்ன நடந்தது? பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் வென்று ராஜாஜி ஆட்சிக்கு வந்தார். 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடம் என்று ஆணை வந்தது. ராஜாஜி வீட்டின் முன்னும் பள்ளிகளின் முன்னும் மறியல் நடந்தது. கைதானவர்கள் 1,198 பேர், தண்டனை பெற்றவர்கள் 1,179 பேர். நடராசன் 1939 சனவரியிலும் தாளமுத்து மார்ச்சிலும் சிறைக் கைதிகளாகவே இறந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை விலகியது. 1940 பிப்ரவரி 21 அன்று ஆளுநர் எர்ஸ்கின் ஆட்சியில் கட்டாய இந்தி நீங்கியது.

1965 கதை வேறு. அரசியல் சட்டப்படி 1965 சனவரி 26 முதல் இந்திதான் ஒன்றிய ஆட்சிமொழி. ஆங்கிலம் தொடரும் என்று நேரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆங்கிலம் தொடர்ந்தாக 'வேண்டும்' என்று இல்லாமல் தொடர'லாம்' என்றுதான் இருந்தது. அடுத்த ஆண்டு நேருவும் இறந்துவிட்டார். அந்த ஒரு 'லாம்' மீது யாருக்கும் நம்பிக்கை இல்லை. 1965 சனவரி 25 அன்று மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மதுரை வடக்கு மாசி வீதியில் காங்கிரஸ் அலுவலகம் அருகே மோதல் வெடித்தது. 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரி நடுப்பகுதிவரை மாநிலம் பற்றி எரிந்தது. அரசுக் கணக்கில் ஏறத்தாழ 70 சாவு. உண்மை எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்பவர்களும் உண்டு.

பாட்டி, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை வைக்கலாம்தானே?

ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். 1938இல் 16 வயது என்றால் பிறப்பு 1922. 1965இல் 43 வயது. வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருக்கலாம், அதுவரை சரி. அந்தப் பிள்ளைக்கு 2017இல் 69 வயது. மெரினாவில் 20 வயதில் உட்கார்ந்தவனுக்கு அவர் அப்பா இல்லை, தாத்தா. 1938காரி கொள்ளுப்பாட்டி, இருந்தால் 95.

முதல் போராட்டத்துக்கும் இரண்டாவதற்கும் 27 ஆண்டு இடைவெளி, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 52 ஆண்டு. இடையில் ஒரு முழுத் தலைமுறை விடுபட்டுப்போகிறது. 1975 வாக்கில் பிறந்து, எந்தப் போராட்டத்துக்கும் வயது ஒத்துவராமல், ஆங்கில வழிப் பள்ளிக்கு வரிசையில் நின்று, பிறகு வேலை, வீட்டுக் கடன் என்று போன தலைமுறை. எனக்குக் கையெழுத்துப் பிரதி அனுப்புகிற எல்லோரும் இவர்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், நாவலில் மிகச் சுவையான ஆள் அந்த அம்மாதான். மாமனார் பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் தொலைக்காட்சி ஒலியைக் கூட்டுகிற அம்மா. எது கடத்தப்பட்டது, எது கடத்தப்படவில்லை என்பது அவள் வழியாகத்தான் தெரியும்.

யார் கண் வழியாகக் கதையைச் சொல்வது?

நான் மூன்று வருடம் வீணாக்கிய கேள்வி இது. முதலில் மாணவர் தலைவன் ஒருவனை வைத்தேன். அவன் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். மேடையில் நிற்பவனுக்குக் கூட்டம் தெரியும், தன் வீட்டுத் திண்ணை தெரியாது.

பிறகு ஒரு எண் கண்ணில் பட்டது. 1938இல் சிறை சென்றவர்களில் 73 பேர் பெண்கள். தாய்மாரோடு 32 குழந்தைகளும் உள்ளே போனார்கள். அந்தக் குழந்தைகளில் ஒன்றுக்கு அப்போது இரண்டு வயது என்று வையுங்கள். 1965இல் அதற்கு 29 வயது. மாணவன் இல்லை. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், ஏன், லத்தியோடு நிற்கிற போலீஸ்காரனாகவும் இருக்கலாம். ஊர் முழுக்க 'ஜெயில்ல வளந்த புள்ள' என்று அவனைப் பெருமையாகச் சொல்லும். அவனுக்கோ சிறை பற்றி ஒரு நினைவும் கிடையாது. இப்போது கல்லூரிப் பையன்கள் அவன் அலுவலக வாசலில் இந்திப் பலகைக்குத் தார் பூசுகிறார்கள். அவன் சன்னலைச் சாத்துவானா, திறப்பானா?

ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் கதையாக இதை எழுத வேண்டாம், கற்பனையாகவே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது நிற்கும் இடத்தைப் பற்றி. போராட்டத்துக்குப் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிற ஆள் வேண்டும்.

பெண்களின் பங்கு பற்றி எழுத விவரம் கிடைக்குமா?

நிறையவே கிடைக்கும், எழுதுபவர்கள்தான் குறைவு. 1938 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு நடந்தது. தலைமை நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.ரா.வை இனி 'பெரியார்' என்றே அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. மறுநாளே டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் மறியலில் இறங்கிக் கைதானார்கள்.

ராமாமிர்தம் அம்மையார் பிறந்தது 1883இல். 1938 ஆகஸ்ட் 1 அன்று திருச்சி உறையூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தமிழர் பெரும்படையோடு நடந்தவர்களில் அவரும் ஒருவர். வயது 55. 'இளைஞர் போராட்டம்' என்று தலைப்பு வைத்துக்கொண்டு எழுத உட்காருபவர்கள் இந்த வயதைப் பார்த்துவிட்டு உட்காருவது நல்லது.

அந்த நடைப்பயணமே தனி நாவலுக்குப் போதும். ஏறத்தாழ நூறு பேர், 42 நாள். வழியெல்லாம் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டு செப்டம்பர் 11 அன்று சென்னை சேர்ந்தார்கள். புறப்பட்டது ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களில். காவிரியில் புதுவெள்ளம், ஊர்ப் பெண்கள் கையில் காப்பரிசி, எதிரே செருப்புத் தேயப் போகிற கூட்டம். இந்தத் தேதிப் பொருத்தம் என் கண்ணில் பட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், அதுவே பாதிக் காட்சியை எழுதிக் கொடுக்கும்.

காலப் பிழை வராமல் எழுதுவது எப்படி?

வரும். என் முதல் வரைவில் 1938இல் ஒரு சிறுமி 25 பைசாவுக்கு முறுக்கு வாங்கினாள். படித்துப் பார்த்த பெரியவர் ஒருவர் ஓரத்தில் 'அடேயப்பா, நாலணா முறுக்கா! ஊருக்கே வாங்கினாளா?' என்று எழுதியிருந்தார். 1957 வரைக்கும் ரூபாய், அணா, பைசா கணக்குதான். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் 'நயா பைசா'. 1965இல் வயதானவர்கள் வாயில் அப்போதும் அணாதான் இருக்கும், பையன்கள் வாயில் பைசா. ஒரே கடையில் இருவரையும் நிறுத்தினால் தலைமுறை இடைவெளியைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

இன்னும் சில. 1938 சென்னையில் டிராம் ஓடியது, 1965இல் இல்லை, 1953லேயே நின்றுவிட்டது. 1965இல் 17 வயது மாணவன் பிளஸ் டூ படிக்க மாட்டான், எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கல்லூரியில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்புப் படிப்பான். இது அற்ப விஷயம் இல்லை. பதினாறு, பதினேழு வயதுப் பையன்களும் கல்லூரி வளாகத்துக்குள் இருந்ததால்தான் கூட்டம் அவ்வளவு இளசாக இருந்தது. 'தமிழ்நாடு தமிழருக்கே' என்ற முழக்கம் 1938லேயே கடற்கரையில் எழுந்துவிட்டது. ஆனால் மாநிலத்தின் பெயர் மாறியது 1969 சனவரி 14 அன்றுதான். பாத்திரம் தமிழ்நாடு என்று சொல்லலாம். அரசாங்க முத்திரை சொல்லக்கூடாது.

சிறைக் காட்சி எழுதுபவர்கள் புழலுக்குப் போக வேண்டாம். அன்றைய சென்னை மத்தியச் சிறை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்தது. ரயில் ஊதுவது உள்ளே கேட்டிருக்கும்.

1938 பாத்திரங்கள் எந்தத் தமிழில் பேச வேண்டும்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. மொழிக்கான போராட்டத்தை எழுதும்போது, அந்த மொழியே போராட்டத்தால் மாறிப்போன கதையும் கூடவே ஓடுகிறது.

1938இல் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் 'அக்கிராசனர்'. செயலாளர் என்றால் 'காரியதரிசி'. தேர்தலில் நிற்பவர் 'அபேட்சகர்'. மாநாடு 'மகாநாடு'. தமிழுக்காகச் சிறை போனவர்களே இப்படித்தான் பேசினார்கள், எழுதினார்கள். அன்றைய துண்டறிக்கைகளைப் படித்தால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் ஒரு மரியாதை வரும். 1965இல் அவர்கள் பிள்ளைகள் வாயில் தலைவர், செயலாளர், வேட்பாளர். 'நமஸ்காரம்' போய் 'வணக்கம்' வந்தாயிற்று. வகுப்பில் பாதிப் பேருக்கு இளங்கோவன், தமிழ்ச்செல்வி போன்ற பெயர்கள். அப்பாவின் பெயர் ராஜகோபாலாக இருக்கும். 2017இல் கொள்ளுப்பேரன் எல்லாரையும் 'ப்ரோ' என்கிறான், ஆனால் 'ஏறுதழுவுதல்' என்ற சங்கச் சொல்லும் அவனுக்குத் தெரியும்.

எழுத்து வடிவமும் அப்படியே. பழைய கடிதம் ஒன்று கதையில் வந்தால் ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் யானைத் துதிக்கைபோல் ஒரு சுழி இருக்கும். பெரியாரின் 'குடி அரசு' இதழ் 1935லேயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிவிட்டது, அரசு ஏற்றது 1978இல். ஆகவே 1965இல் அம்மாவுக்குக் கடிதம் எழுதும் மாணவன் பள்ளியில் கற்ற துதிக்கையைப் போடுகிறானா, இல்லையா என்பதை வைத்தே அவன் எந்தப் பத்திரிகை படித்து வளர்ந்தான் என்று காட்டிவிடலாம்.

முழக்கங்களில் ஒரு வேடிக்கை. 1965இல் தமிழுக்காகத் தெருவுக்கு வந்தவர்கள் எழுப்பிய முழக்கங்களில் ஒன்று 'இந்தி நெவர், இங்கிலீஷ் எவர்'. இதை மறைக்காதீர்கள். மத்திய அரசு வேலைக்கான தேர்வு இந்தியில் நடந்தால் நம் கதி என்ன என்ற பயமும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. வயிறும் மொழியும் ஒன்றாகத்தான் ஊர்வலம் போயின.

இந்தி படித்த தமிழ்ப் பாத்திரம் இருக்கலாமா? துரோகியாகத் தெரியுமே?

இருக்க வேண்டும். தட்சிண பாரத இந்தி பிரசார சபா 1918இலிருந்து சென்னையில் இயங்கியது. பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று தேர்வு எழுதியவர்களில் சாதாரணத் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் எத்தனையோ பேர். அக்கா ராஷ்ட்ரபாஷா தேறியவள், தம்பி கறுப்புக் கொடி பிடிக்கிறான், இருவரும் ஒரே விளக்கில் படிக்கிறார்கள். துரோகி, தியாகி என்ற இரண்டு முத்திரையையும் ஒதுக்கிவைத்துவிட்டு அந்த விளக்கை எழுதுங்கள்.

பெரியார், அண்ணா, ராஜாஜி, 1965இல் முதலமைச்சராக இருந்த பக்தவத்சலம் ஆகியோரைப் பாத்திரமாக்கலாமா?

தூரத்தில் வையுங்கள். சுவரொட்டியில், வானொலியில், மேடையில் ஒரு புள்ளியாக. பக்கத்தில் கொண்டுவந்தால் அவர்களைப் பேச வைக்க வேண்டியிருக்கும், பேச வைத்தால் கட்டுரை வாடை வந்துவிடும்.

ராஜாஜியை மட்டும் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். 1938இல் இந்தியைக் கொண்டுவந்தவர், 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்தவர்களோடு நின்றார். உங்கள் 1938 கிழவி இதை எப்படி எடுத்துக்கொள்வாள்? மகன் கொண்டுவந்து காட்டுகிற பத்திரிகையை வாங்கிப் பார்ப்பாளா, அடுப்பில் போடுவாளா? இந்த ஒரு காட்சிக்காகவே இரண்டு காலத்தையும் சேர்த்து எழுதலாம்.

எதிர்த்தரப்பை எவ்வளவு நியாயமாகக் காட்ட வேண்டும்?

முழுசாக. 1938இல் கதர் போட்டவன் வெள்ளைக்காரனை எதிர்த்துச் சிறைக்குப் போய் வந்தவன். அவன் கண்ணுக்கு, தன் கட்சி ஆட்சிக்கு வந்த அடுத்த ஆண்டே வாசலில் வந்து நிற்கும் மறியல் எப்படித் தெரிந்திருக்கும்? 1965இல் திருப்பூரில் கூட்டம் இரண்டு போலீஸ் சப் இன்ஸ்பெக்டர்களை உயிரோடு எரித்தது. பொள்ளாச்சியில் ராணுவம் சுட்டது. ஒன்றை எழுதி மற்றதை விட்டால் அது நாவல் இல்லை, துண்டறிக்கை.

1965இல் சேர்ந்துகொண்ட பொதுமக்கள் எல்லோரும் அரசியல் சட்டத்தில் ஆட்சிமொழி பற்றிய பதினேழாம் பகுதியைப் படித்துவிட்டு வரவில்லை. அரிசி கிடைக்காத காலம் அது. இரண்டே ஆண்டில் 'ரூபாய்க்கு மூன்று படி' என்ற வாக்குறுதி தேர்தல் மேடைகளை ஆண்டதற்குக் காரணம் அடுப்படியில் இருந்தது.

தீக்குளித்தவர்களை எப்படி எழுதுவது?

மிகக் குறைவாக. கீழப்பழுவூர் சின்னசாமி 1964 சனவரியில் திருச்சி ரயில் நிலையத்தில், கோடம்பாக்கம் சிவலிங்கம் 1965 சனவரி 26 அன்று, மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதன். இவர்கள் நிஜ மனிதர்கள். இவர்களின் கடைசி நிமிட எண்ணங்களைக் கற்பனை செய்ய நமக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி. தீயை அழகாக எழுதவும் கூடாது. படிக்கிறவர்களில் மனம் தளர்ந்த இருபது வயதுக்காரன் ஒருவன் எப்போதும் இருப்பான் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தவரை எழுதலாம்.

நடராசன், தாளமுத்து பெயரில் சென்னை எழும்பூரில் அரசுக் கட்டடம் ஒன்று இருக்கிறது, தாளமுத்து நடராசன் மாளிகை. வீட்டு வரைபட அனுமதிக்கு அலைகிறவர்கள் தினமும் அந்தப் பெயரைத் தாண்டித்தான் போகிறார்கள். உங்கள் 1975காரி அம்மாவும் அங்கே ஒருநாள் போகட்டுமே.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை இதோடு சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஒட்ட வைக்காதீர்கள். அது மொழிப் போராட்டம் இல்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் போட்ட தடை, அலங்காநல்லூரில் நடந்த கைதுகள், சனவரி 17 முதல் 23 வரை மெரினா. தலைவர் இல்லை, கட்சிக்காரரை மேடையேற்றவில்லை, இரவில் கைப்பேசி வெளிச்சம், காலையில் அவர்களே குப்பை அள்ளினார்கள். 1965 போராட்டத்துக்குப் பிறகு, ஆங்கிலம் தொடர்வதை உறுதிசெய்யும் சட்டத் திருத்தம் வர ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆயிற்று. இங்கே அவசரச் சட்டம் ஐந்தாம் நாளே வந்தது. 23ஆம் தேதி போலீஸ் கலைத்தபோது அடி வாங்கியவர்களில் பக்கத்து மீனவக் குப்பத்து மக்களும் உண்டு. வந்து போன மாணவனை விட, அங்கேயே குடியிருந்து அடைக்கலம் கொடுத்த குப்பத்துப் பெண்ணுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

தரவுகளை எங்கே தேடுவது?

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அன்றைய நாளிதழ்களில் செய்தியைப் படித்த பிறகு அதே பக்கத்து விளம்பரத்தையும் படியுங்கள். சோப்பு விலை அங்கேதான் இருக்கும்.

முடிவை எங்கே வைப்பது? 1967 தேர்தலில் தி.மு.க. பெற்ற வெற்றியோடு முடிக்கலாமா?

விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்கில் காமராஜரைத் தோற்கடித்தது நல்ல உச்சக் காட்சிதான். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். 1965 பிப்ரவரியில் விடுதி மூடப்பட்டு டிரங்குப் பெட்டியோடு ரயிலுக்கு நிற்கிற பையனுக்கு 1967 தெரியாது. தேர்வு நடக்குமா, பெயர் போலீஸ் பட்டியலில் இருக்குமா என்றுகூடத் தெரியாது. நமக்குத் தெரிந்ததை அவன் முகத்தில் பூசிவிட்டால் அவன் பயம் பொய்யாகிவிடும்.

தாத்தா 1965இல் கலந்துகொண்டவர். ஆனால் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

போராட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

என் பெரியப்பாவிடம் நானும் பல வருடம் 'துப்பாக்கிச் சூடு பாத்தீங்களா?' என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். 'அதெல்லாம் விடுப்பா' என்பார். ஒருநாள், விடுதியை மூடின அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, சமையற்காரர் இருந்த அரிசியை எல்லாம் ஒரேயடியாக வடித்து ஊறுகாயோடு பொட்டலம் கட்டிக் கொடுத்ததையும், ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்ததால் ஊர் வரும்வரை பொட்டலத்தைப் பிரிக்காமலே வந்ததையும் சொன்னார். ஊரில் இறங்கியபோது சோறு ஊசிப்போயிருந்ததாம். அவர் அம்மா அதைக் கொட்டாமல் மாட்டுக்கு வைத்தாளாம். அப்பா மூன்று வாரம் அவரோடு பேசவில்லை.

'ஏன் பேசலை?' என்றேன்.

'அவரும் முப்பத்தெட்டுல உள்ள போயிட்டு வந்தவருதானே' என்றார் பெரியப்பா. எனக்கு அதுவரை அது தெரியாது.